குறுந்தொகை 189: சீர் பிரிக்க ஆறாய் வருகுது, பாலை எண்டு போட்டிருக்கு ஆனா பாலையைக் காணேல்லை

மாதகல் மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்கு ஒரு கட்டுரை: ஒரு செய்யுளை எடுத்து அதன் வடிவம், யாப்பு, மெய்ப்பாடு (உணர்ச்சி வெளிப்பாடு) மூண்டையும் ஆராயவேணும். ஈழத்துப் பூதந்தேவனார் பாட்டு எண்டபடியா இதை எடுத்தன்.

இன்றே சென்று வருவது நாளை
குன்று இழி அருவியின் வெண் தேர் முடுக
இளம் பிறை அன்ன விளங்கு சுடர் நேமி
விசும்பு வீழ் கொள்ளியின் பைம் பயிர் துமிப்ப
கால் இயல் செலவின் மாலை எய்தி
சின் நிரை வால் வளைக் குறுமகள்
பல் மாண் ஆகம் மணந்து உவக்குவமே

இண்டைக்கே போய் நாளைக்கு வருவம், தேரிலை விரைஞ்சு மாலைக்குள்ளை அவளிட்டைச் சேருவம் எண்டு தலைவன் சொல்லுற பாட்டு. ரெண்டு சிக்கல். ஒண்டு, இரண்டாம் அடியிலை ஆறு சீர் வருகுது, மூண்டாம் அடியிலையும் ஆறு. ஆசிரியப்பா எண்டால் நாலுதானே? மற்றது, திணை பாலை எண்டு கிடக்கு. வெயிலும் இல்லை, கள்ளியும் இல்லை, ஆறலை கள்வரும் இல்லை. பச்சைப் பயிரும் மாலைப்பொழுதும்தான் இருக்கு. அது முல்லை எல்லே?

அசைகாரன்:
தங்கச்சி, நீங்கள் சீர் பிரிச்சது பாட்டிலை இல்லை, பதம் பிரிச்ச அச்சிலை. பொருள் விளங்கச் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அச்சடிக்கிற பதிப்பை வைச்சு அலகிட்டால் (அசை, சீர் பிரிச்சால்) இப்பிடித்தான் வரும். முதல் வேலை புணர்ச்சியைத் திரும்பச் சேர்க்கிறது:

இன்றே சென்று வருவது நாளைக்
குன்றிழி யருவியின் வெண்டேர் முடுக
இளம்பிறை யன்ன விளங்குசுடர் நேமி
விசும்புவீழ் கொள்ளியிற் பைம்பயிர் துமிப்பக்
காலியற் செலவின் மாலை யெய்திச்
சின்னிரை வால்வளைக் குறுமகள்
பன்மா ணாக மணந்துவக் குவமே

இப்ப எண்ணுங்கோ. 4, 4, 4, 4, 4, 3, 4. மொத்தம் 27 சீர். ஈற்றயலடி (கடைசிக்கு முந்தின அடி) முச்சீர், மற்றதெல்லாம் நாற்சீர், முடிவு ஏகாரம். நேரிசை ஆசிரியப்பா, சந்தேகமே இல்லை. குறுந்தொகையின் 4 தொடக்கம் 8 அடி எண்ட எல்லைக்குள்ளையும் 7 அடியாய் நிக்குது.

வகையுளியைக் கவனியுங்கோ. கடைசி அடியிலை 'மாண் ஆகம்' எண்டது 'பன்மா / ணாக' எண்டு உடையுது, 'உவக்குவமே' எண்டது 'மணந்துவக் / குவமே' எண்டு உடையுது. சொல் உடைஞ்சாலும் சீர் உடையாது. இதை 'மணந்து / உவக்குவமே' எண்டு விட்டாலும் நாலு சீர்தான் வரும், அதாலைதான் கனபேர் பிழையைக் காணுறதில்லை. ஆனால் கருவிளம், புளிமா எண்ட சீர்கள் வரவேண்டிய இடத்திலை புளிமாவும் கருவிளங்காயும் வந்து தளைக் கணக்கு மாறிப்போகும்.

மாதகல் மாணவி:
நன்றி அண்ணை. அப்ப 'விளங்குசுடர்'? விளங்கு / சுடர் எண்டு ரெண்டு அசையா?

அசைகாரன்:
இல்லை. அசைக்குப் பொருள் தெரியாது, எழுத்துத்தான் தெரியும். வி, ள, ங்: குறிலிணை ஒற்று, நிரை. கு, சு: குறிலிணை, நிரை. டர்: குறில் ஒற்று, நேர். விளங்/குசு/டர், கருவிளங்காய். பாட்டு முழுக்க மூவசைச்சீர் இது ஒண்டுதான். மற்ற 26உம் ஈரசைச்சீர்: தேமா 10, புளிமா 4, கூவிளம் 6, கருவிளம் 6. ஆசிரியத்திலை காய்ச்சீர் அருகி வரலாம், பிழையில்லை.

கரவெட்டிக் கந்தர்:
ஒரு குறுக்கீடு. யாப்பருங்கலக் காரிகை வழியில் அது காய்ச்சீர். தொல்காப்பியர் வழியில் நேர்பு, நிரைபு என்று இரண்டு உரியசைகள் உண்டு. அங்கே 'விளங்கு' ஒரே அசை, நிரைபு. 'சுடர்' நிரை. நிரைபின் முன் நிரை வந்தால் ஆசிரிய உரிச்சீர். அதாவது காரிகைக் கணக்கில் விருந்தாளியாக நிற்கும் சீர், தொல்காப்பியக் கணக்கில் வீட்டுப்பிள்ளை. சங்கப் பாட்டைக் காரிகையால் அளக்கும்போது இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்வது நல்லது. இரண்டையும் கலந்து அலகிடக்கூடாது. அந்தக் கணக்குக்குப் போனால் 'சென்று' என்பதும் நேர்பு அசைச்சீராகிவிடும்.

திணைக்குப் பிறகு வருகிறேன், தளையை முடியுங்கள்.

அசைகாரன்:
தளை. ரெண்டு சீர் சந்திக்கிற கட்டு அது; 27 சீர் எண்டால் 26 தளை. கனபேர் 20 எண்டு எழுதுறவை, ஏனெண்டால் ஒரு அடியின்ரை கடைசிச் சீருக்கும் அடுத்த அடியின்ரை முதற் சீருக்கும் இடையிலை உள்ள தளையை விட்டிடுவினம். அப்பிடி ஆறு சந்தி இருக்கு.

என்ரை கணக்கு:
நேரொன்றாசிரியத்தளை 7
நிரையொன்றாசிரியத்தளை 5
இயற்சீர் வெண்டளை 13
வெண்சீர் வெண்டளை 1 (விளங்குசுடர், நேமி)

ஆசிரியப்பாவிலை ஆசிரியத்தளை 12, வெண்டளை 14! இந்தக் கூட்டுத்தொகையை எழுதிப்போட்டு 'பிற தளை விரவி வந்தது' எண்டு முடிச்சால் வாசிக்கிறவருக்கு ஒண்டும் கிடையாது. எங்கை விரவுது எண்டு பாருங்கோ. 'அருவியின்' எண்ட சீரிலை தொடங்கி 'பைம்பயிர்' வரைக்கும் தொடர்ச்சியாய் ஒன்பது வெண்டளை. ஒண்டும் இடையிலை முறியேல்லை. தேர் ஓடுற இடம் அது. பிறகு 'பைம்பயிர் துமிப்ப' தொடக்கம் 'எய்திச் சின்னிரை' வரை ஆறும் ஆசிரியத்தளை. தேர் வந்து சேருற இடம்.

சந்தேகச் சங்கு:
வந்திட்டுதையா, தேர் ஓடுது தளையும் ஓடுது! எந்தப் பாட்டை எடுத்தாலும் இப்பிடி ஒண்டைக் காட்டலாம். ஆசிரியத்திலை வெண்டளை கலக்கிறது புதினமே? அதோடை வெண்டளை வேகம் எண்டால் குறள் எல்லாம் குதிரை ஓட்டமோ? வெண்பாவுக்குச் சொன்னது செப்பலோசை.

அசைகாரன்:
கேள்வி நியாயம். வெண்டளை எண்ட பேரை விடுங்கோ, சந்தியிலை என்ன நடக்குது எண்டதைப் பாருங்கோ.

மா நேரிலை முடியும். அதுக்கு முன், அதாவது அடுத்து, நிரை வந்தால் இயற்சீர் வெண்டளை. விளம் நிரையிலை முடியும். அதுக்கு முன் நேர் வந்தால் அதுவும் இயற்சீர் வெண்டளை. ரெண்டிலையும் சீர் சந்திக்கிற இடத்திலை அசை மாறுது. ஆசிரியத்தளையிலை நேருக்குப் பக்கத்திலை நேர், நிரைக்குப் பக்கத்திலை நிரை, அசை திரும்ப வருது.

ஐந்தாம் அடியை வாய்விட்டு வாசியுங்கோ: செல/வின்/மா/லை/யெய்/திச், அடுத்த அடியிலை சின். வின், மா, லை, யெய், திச், சின்: ஆறு நேரசை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு. காலை ஊண்டி ஊண்டி நடக்கிற மாதிரி. நாக்கு அங்கை தானாய் மெதுவாகும். மூண்டாம் நாலாம் அடியிலை அப்பிடி ஊண்ட இடமில்லை. இளம்/பிறை, யன்/ன, விளங்/குசு/டர்: நேரும் நிரையும் மாறி மாறி உருளுது.

குறளிலை இது வேகமாய்க் கேக்காததுக்குக் காரணம், அங்கை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தளை. மாற்றம் இல்லாத இடத்திலை காதுக்கு வேறுபாடு தெரியாது. இஞ்சை மாறுற இடம்தான் செய்தி.

சந்தேகச் சங்கு:
சரி, ஒப்பிட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்ளுறன். நானே செய்து பாத்தன். குறுந்தொகை 40, 'யாயும் ஞாயும் யாரா கியரோ'. ஐந்தடி, 19 சீர், 18 தளை. அதிலை வெண்டளை 5தான். தொடர்ச்சியாய் வாறது ஆகக்கூட 3, 'எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்' எண்ட அடியிலை. ஆசிரியத்தளை 13. அந்தப் பாட்டு ஓடுற பாட்டு இல்லை, நிண்டு வியக்கிற பாட்டு. அதோடை உங்கடை கணக்கு ஒத்துப்போகுது, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ரெண்டு பாட்டு ஒரு சட்டமாகாது. தங்கச்சி கட்டுரையிலை 'வெண்டளை வேகத்தைக் குறிக்கும்' எண்டு பொதுவிதி எழுதவேண்டாம். 'இப்பாட்டில், தேரின் செலவைச் சொல்லும் பகுதியில், தொடர்ந்து ஒன்பது வெண்டளை அமைகின்றன' எண்டு எழுதுங்கோ. அதை ஒருத்தரும் மறுக்கேலாது.

பனங்கூடல்:
காதாலை கேட்டுப் பாக்க விரும்பினால் எங்கடை ஊரிலேயே ஒண்டு கிடக்கு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை, ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே'. ஆடிக்கூழ் குடிச்ச எல்லாருக்கும் பாடம். 4 + 3, ஏழு சீர். ஆடிப் (தேமா), பிறப்புக்கு (புளிமாங்காய்), நாளை (தேமா), விடுதலை (கருவிளம்), ஆனந்தம், ஆனந்தம் (தேமாங்காய் ரெண்டு), தோழர்களே (தேமாங்கனி). ஆறு தளையும் வெண்டளை. கும்மியின்ரை அடிப்படையே ஏழுசீரும் வெண்டளையும்தான். பிள்ளைகள் அதை மெதுவாய்ப் பாடிக் கேட்டிருக்கிறியளோ?

அங்கை கைதட்டுற தாளமும் வேகத்தைக் குடுக்குது எண்டது உண்மை. அகவலுக்கு (ஆசிரியப்பாவுக்கு) அந்தத் தாளம் இல்லை, அதாலை நேரடியாய் ஒப்பிடேலாது. காதைப் பழக்கிறதுக்கு மட்டும் சொல்லுறன். ரெண்டு பாட்டும் 'நாளை' எண்ட சொல்லைப் பிடிச்சுக்கொண்டு அவதிப்படுறதுதான் எனக்குப் பிடிச்ச பொருத்தம்.

மாதகல் மாணவி:
எதுகை மோனை எப்பிடி எழுதுறது? முதல் ரெண்டு அடியிலை இன்றே, குன்றிழி எண்டு எதுகை இருக்கு. பிறகு காணேல்லை.

அசைகாரன்:
அடி எதுகையை மட்டும் தேடினால் அவ்வளவுதான். ஆனால் கடைசி ரெண்டு அடியையும் பாருங்கோ: சின்னிரை, பன்மாண். இன், குன், சின், பன். முதல் ரெண்டும் கடைசி ரெண்டும் னகர ஒற்றாலை கட்டியிருக்கு, நடுவிலை மூண்டு அடி கட்டில்லாமல் போகுது. இதுவும் புணர்ச்சியைச் சேர்த்தால்தான் தெரியும். சில் + நிரை, பல் + மாண். லகரம் மெல்லினத்துக்கு முன் னகரமாகுது. பதம் பிரிச்ச பதிப்பிலை 'பல் மாண்' எண்டு கிடந்தால் அந்த எதுகை கண்ணுக்கு மறைஞ்சிடும்.

அடிக்குள்ளை: இளம்பிறை, விளங்குசுடர், முதற் சீரும் மூண்டாம் சீரும், பொழிப்பெதுகை. காலியல், மாலை, அதுவும் பொழிப்பு. லி, லை எண்டு வருக்கம் மட்டும் ஒண்டுது. மோனை இந்தப் பாட்டிலை மெல்லிசு. இல்லாததை வலிஞ்சு காட்டவேண்டாம். 'முடுக விளம்பிறை' எண்டு உடம்படுமெய்யை அடி தாண்டிச் சேர்த்தால் விளம்பிறை, விளங்கு எண்டு மோனையும் அடுத்த அடியின்ரை விசும்புமாய் வகரம் அடுக்கும். அடுக்கும் எண்டு அடிக்குறிப்பாய்ச் சொல்லலாம், அதுக்கு மேலை போகாதேங்கோ.

இன்னொண்டு, ஓசை. இளம்பிறை, விளங்கு, விசும்பு, பைம்பயிர். ம்ப, ங்க, ம்ப, ம்ப. மெல்லினமும் அதன் இன வல்லினமும் சேர்ந்து ரெண்டே அடியிலை நாலு தரம். கட்டையிலை சில்லு உருளுற சத்தம் எண்டு நான் சொல்லுவன், சங்கு சிரிப்பார்.

சந்தேகச் சங்கு:
சிரிச்சிட்டன்.

கரவெட்டிக் கந்தர்:
இனித் திணை. பிள்ளையின் ஐயம் நல்ல ஐயம். மாலை முல்லைக்குரிய சிறுபொழுது. தேரில் விரைந்து மீளுதல் முல்லைப் பாட்டுகளில் வழமை. ஆனால் முதல், கரு, உரி மூன்றில் திணையைத் தீர்ப்பது உரிப்பொருள். பாலைக்கு உரி பிரிதலும் பிரிதல் நிமித்தமும். கூற்றுக் குறிப்பைப் பாருங்கள்: 'வினை தலைவைக்கப்பட்டவிடத்துத் தலைமகன் பாகற்கு உரைத்தது'. வேலை தலையில் ஏற்றப்பட்டுவிட்டது, அவன் இன்னும் புறப்படவில்லை. முல்லைத் தலைவன் தேர் ஏறியபின் பேசுவான், வினை முடித்துத் திரும்பும் வழியில். இவன் தேர் ஏறுமுன் பேசுகிறான். பாட்டில் ஓடும் தேர் இன்னும் ஓடவே இல்லை.

அதை இலக்கணத்தாலும் காட்டலாம். இரண்டாம் அடி தொடக்கம் இறுதிவரை ஒரே வாக்கியம். முடுக, துமிப்ப: செயவென் எச்சங்கள். எய்தி, மணந்து: செய்தென் எச்சங்கள். வினைமுற்று ஒன்றே, பாட்டின் இறுதியில், உவக்குவமே, எதிர்காலம். நடுவில் உள்ள அத்தனையும் அந்த எதிர்காலத்தில் தொங்குகின்றன. வாசகனுக்குத் தேர் ஓடுவதுபோல் இருக்கும். தலைவன் வாசலில் நிற்கிறான்.

மெய்ப்பாட்டை இங்கே இருந்து எழுதவேண்டும். 'உவக்குவம்' என்ற சொல் இருக்கிறதே என்று உவகை என எழுதி முடிக்கிறார்கள். தொல்காப்பியர் உவகைக்குச் சொன்ன அடைமொழி என்ன? 'அல்லல் நீத்த உவகை'. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு நிலைக்களன். இங்கே நிலைக்களன் புணர்வு, சரி. ஆனால் அல்லல் நீங்கியதா? பிரிவே இனித்தான் தொடங்குகிறது. உவகை முன்னிறுத்தப்படுகிறது, அல்லல் கீழே கிடக்கிறது. பாலை என்ற ஒரு சொல் அதைத்தான் சொல்கிறது.

மாதகல் மாணவி:
இப்ப விளங்குது ஐயா. உவமைகளை மெய்ப்பாட்டுக்குக் கீழையா எழுதுறது, வடிவத்துக்குக் கீழையா?

கரவெட்டிக் கந்தர்:
தலைப்புப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எது எதற்குச் சான்று என்பதைப் பாருங்கள். தேருக்கு அருவி, சக்கரத்துக்குப் பிறை, பயிர் துமிக்கும் அச் சக்கரத்துக்கே விண்வீழ் கொள்ளி, செலவுக்குக் காற்று. இரண்டாம் அடிக்கும் ஐந்தாம் அடிக்கும் இடையில் நான்கு. அருவி இழிகிறது, கொள்ளி வீழ்கிறது: இரண்டும் மேலிருந்து கீழே, யாராலும் நிறுத்த முடியாதவை. இளம்பிறையோ பொழுது பட்டபின் மேற்கில் சிறிது நேரம் மட்டும் தெரிவது. மாலையில் சேரவேண்டும் என்று துடிப்பவன் வாயில் அந்தப் பிறை வருவது அழகு. சக்கரம் முழுவட்டம், பிறை வட்டமல்ல என்று கேட்பவருக்கு: பயிருக்குள் புதைந்து ஓடும் சக்கரத்தின் விளிம்பில் கண்ணுக்குப் படும் வளைவு அது.

பனங்கூடல்:
அந்தப் பச்சைப் பயிர் ஆற்றையோ தோட்டம். மிதிச்சுக்கொண்டு வருவன் எண்டு சொல்லுறதையும் ஒருக்கா யோசியுங்கோ. வழியாலை வாற பொறுமை இல்லை அவனுக்கு.

சந்தேகச் சங்கு:
ஈற்றயலடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'உணர்ச்சி மேலிட்டதால் புலவர் அடியைச் சுருக்கினார்' எண்டு எழுதுறவை. புலவர் சுருக்கேல்லை, நேரிசை ஆசிரியப்பா எண்டால் அங்கை முச்சீர்தான் வரும், எல்லாப் புலவருக்கும். சொல்லக்கூடியது, அந்தக் குறுகிய அடிக்குள்ளை எதை வைச்சார் எண்டது. 'சின்னிரை வால்வளைக் குறுமகள்'. வினை இல்லை, உவமை இல்லை, தேர் இல்லை. அவளும் அவளின்ரை கொஞ்ச வெள்ளை வளையலும் மட்டும். அஞ்சு அடியாய்ப் பறந்தது அங்கை வந்து நிக்குது.

இன்னொண்டு: பேரிலை ஈழம் கிடக்கு எண்டதுக்காகப் புலவருக்கு மானிப்பாயிலை வீடு கட்டிக் குடுக்கவேண்டாம். அகநானூறு 3, குறுந்தொகை 3, நற்றிணை 1 எண்டு ஏழு பாட்டு அவர் பேரிலை இருக்கு. அதை எழுதினால் காணும்.

மாதகல் மாணவி:
தளையைத் திரும்ப எழுதிப் பாத்தன். எனக்கு நேரொன்று 7, நிரையொன்று 4, இயற்சீர் வெண்டளை 12, வெண்சீர் வெண்டளை 1 வருகுது. மிச்சம் ரெண்டிலை ஒண்டு கலித்தளை. மற்றது எங்கை போச்சுதெண்டு தெரியேல்லை. அலகிட்டதைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறன்.

அசைகாரன்:
பாத்தன். ஐந்தாம் அடி முதற் சீரை 'கா/லி/யற்' எண்டு மூண்டாய் உடைச்சுத் தேமாங்காய் ஆக்கியிருக்கிறியள். லியற் எண்டது குறிலிணை ஒற்று, ஒரே நிரை. கா/லியற், கூவிளம். செலவின் நிரையிலை தொடங்குது, அதாலை உங்கடை கலித்தளை நிரையொன்றாசிரியத்தளை ஆகிவிடும். காணாமற்போனது 'குறுமகள்' எண்டதுக்கும் 'பன்மா' எண்டதுக்கும் இடையிலை. அடி தாண்டுற தளை, விளம் முன் நேர், இயற்சீர் வெண்டளை. ரெண்டையும் போட்டால் 26.